ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிஞ்சப்புறம் வயித்த எப்படி தேத்துறது

போன வருஷம் கடவாப்பல்லுல சீழ் வச்சு ஒரு பக்க கன்னம் பன்னு மாதிரி வீங்கிருச்சு. டாக்டர் ஏழு நாளைக்கு ரெண்டு வித ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தாரு, வீக்கமும் வத்திருச்சு, அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அஞ்சாவது நாள்ல இருந்து வயிறு என் பேச்ச கேக்கல. காலைல ரெண்டு தடவ, ஆபீஸ் போயி ஒரு தடவ, சாப்ட்டா உப்புசம், சாப்பிடலன்னா கடமுடான்னு சத்தம், இப்படியே மாத்திரை முடிஞ்சும் மூணு வாரம் ஓடுச்சு. அத்தை தயிர் சாப்பிடுங்க மாப்ளன்னாங்க, பக்கத்து சீட்டு பையன் ஆயிரத்து சொச்ச ரூவாய்க்கு ஒரு கேப்சூல் டப்பா லிங்க் அனுப்புனான், குடும்ப வாட்ஸப் குரூப்ல பழைய சோறு தின்னா கேன்சரே வராதுன்னு ஒரு ஃபார்வேர்டு. சரி இதுல எது உண்மைன்னு உக்காந்து படிச்சு, பாதிய நானே செஞ்சு பாத்து, வேலைக்கு ஆனத மட்டும் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, அதனால ஆபத்தான அறிகுறிய மொதல்லயே சொல்லிடுறேன்.

கோர்ஸ் நடக்கும்போதோ முடிஞ்சு சில வாரத்துக்குள்ளயோ ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல தண்ணியா போகுது, கூட காய்ச்சல், மலத்துல ரத்தம், வயித்த புடிச்சு முறுக்குற வலி இதுல ஏதாவது இருந்தா கீழ இருக்கற எதையும் படிக்காம டாக்டர்ட்ட போங்க. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல்னு ஒரு கிருமி இருக்கு, நல்ல பாக்டீரியா காலியான எடத்துல பூந்து ஆடும், வயசானவங்கள அது படுக்கப் போட்டுரும். பேதிய நிறுத்துற மாத்திரைய நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க, அந்த மாதிரி நேரத்துல அது நெலமைய மோசமாக்கும். கொழந்தைங்க, கர்ப்பிணிங்க, கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க இவங்க யாரும் காத்திருக்கவே வேணாம்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம், அது புரிஞ்சா தான் ஏன் இத சாப்பிடணும்னு தெரியும். நம்ம ஒடம்புல இருக்கற பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம்ம சொந்த செல்லு சுமார் 30 லட்சம் கோடி, 2016ல வந்த கணக்கு இது. அதுக்கு முன்னாடி வரைக்கும் பாக்டீரியா பத்துக்கு நம்ம செல்லு ஒண்ணுன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, அது சும்மா குத்துமதிப்பு. பாக்டீரியா எல்லாத்தையும் சேத்து நிறுத்தா 200 கிராம் தான் வரும், ஒரு கப் தயிர் எடை. அதுல பெரும்பாலும் பெருங்குடல்ல தான் குடித்தனம், ஏன்னா இரைப்பைல ஆசிட், சிறுகுடல்ல எல்லாம் வேகமா ஓடிரும், பெருங்குடல்ல தான் சாவகாசமா உக்கார எடம் இருக்கு.

அங்க உக்காந்து என்ன பண்ணுதுங்கன்னா, நம்மளால செரிக்க முடியாத நார்ச்சத்த அதுங்க புளிக்க வச்சு பியூட்டிரேட், அசிடேட், புரோப்பியோனேட்னு சின்னச் சின்ன கொழுப்பு அமிலமா மாத்துதுங்க. இதுல பியூட்டிரேட் தான் பெருங்குடல் சுவர்ல இருக்கற செல்லுங்களுக்கு முக்கியமான சாப்பாடு. அதாவது குடலோட உள்பக்க தோலுக்கு நாம நேரா சோறு போடறதில்ல, பாக்டீரியா தின்னு கழிச்சத தான் அது சாப்பிடுது. வைட்டமின் கே, சில பி வைட்டமின் எல்லாம் கூட அதுங்க செய்யும். நோய் எதிர்ப்பு செல்லுங்களுக்கு எத அடிக்கணும் எத விடணும்னு ட்ரெயினிங் குடுக்கறதும் அதுங்க தான்.

இன்னொரு வேலை சீட்டு புடிக்கறது. டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்ட போட்டு சீட்டு புடிப்பாங்கல்ல, அந்த மாதிரி எல்லா எடத்துலயும் நல்லதுங்க உக்காந்திருந்தா கெட்டது ஏறுனாலும் நிக்க கூட எடம் இருக்காது. ஆன்டிபயாடிக் என்ன பண்ணும்னா பல்லுல இருக்கற கிருமிய கொல்லப் போன எடத்துல பஸ்ஸ மொத்தமா காலி பண்ணி விட்டுரும், அதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது.

திரும்பி வருமான்னா வரும், ஆனா நாளாகும். டென்மார்க்ல 12 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு மூணு பவரான ஆன்டிபயாடிக்க சேத்து 4 நாள் குடுத்து பாத்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு. சுமார் ஒன்றரை மாசத்துல பழைய நெலமைக்கு கிட்டத்தட்ட வந்துருச்சு, ஆனா 180 நாள் கழிச்சும் 9 வகை பாக்டீரியா பெரும்பாலானவங்ககிட்ட தென்படவே இல்ல. அதனால மூணு நாள்ல வயிறு சரியாகலன்னு பதறாதீங்க, எனக்கே முழுசா சரியாக ரெண்டு மாசம் ஆச்சு.

கோர்ஸ் ஓடிட்டு இருக்கும்போது பெருசா எதுவும் பண்ண வேணாம். வயிறு சரியில்லன்னு பாதில நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டருக்கு போன் போட்டு கேளுங்க. தயிர் மோர் சாப்பிடலாம், ஆனா சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி சில மாத்திரைய பால் தயிரோட சேத்து போட்டா அதுல இருக்கற கால்சியம் மருந்த புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல ஏறாது. எவ்ளோ இடைவெளி விடணும்னு மருந்துக்கடைலயே கேட்டுக்கோங்க. பேதியா இருந்தா ஓஆர்எஸ், அதையும் பாக்கெட்ல போட்ட அளவு தண்ணில தான் கலக்கணும், எங்க வீட்ல சீக்கிரம் தெம்பு வரட்டும்னு அர தண்ணில கலக்கி குடுத்தாங்க, அது தப்பு, உப்பு கூடிப் போனா கெடுதல் தான்.

கோர்ஸ் முடிஞ்ச மொத நாலஞ்சு நாள் வயித்துக்கு வேலை கொறைங்க. கொழைய வடிச்ச சோறு, மோர், இட்லி, வாழைப்பழம், கேரட் போட்ட கஞ்சி. பால் அப்பிடியே குடிச்சா சிலருக்கு அப்ப ஒத்துக்காது, பேதிக்கு அப்புறம் பால்சக்கரைய செரிக்கற நொதி கொஞ்ச நாள் கொறைஞ்சிருக்கும். தயிர்ல அந்த சக்கரைய பாக்டீரியா கொஞ்சம் தின்னுருக்கும், மீதிய செரிக்கவும் உதவும், அதனால தான் பால் ஆகாதவங்களுக்கு கூட தயிர் ஆகும். காப்பிய ஒரு வாரம் விட்டேன். சத்தியமா கஷ்டம்.

அடுத்து தயிர். வீட்டுத் தயிருக்கு தனி மரியாதை உண்டு, ஆனா அதுலயும் செய்யற விதம் இருக்கு. பால நல்லா பொங்க காய்ச்சி எறக்கி வைங்க, சுண்டு விரல விட்டா சூடு தெரியணும் ஆனா சுடக் கூடாது, அது தான் பதம். அந்த சூட்ல அர லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உறை மோர் ஊத்தி நல்லா ஆத்தி கலக்கிட்டு ஆடாம அசையாம வச்சிருங்க. பால் கொதிக்க கொதிக்க ஊத்துனா உறைல இருக்கற பாக்டீரியா வெந்து போயிரும், ஆறிப்போன பால்ல ஊத்துனா தூங்கிட்டே இருக்கும், காலைல பாத்தா நூல் நூலா கொழகொழன்னு நிக்கும். வெயில் காலத்துல அஞ்சாறு மணி நேரம் போதும், மார்கழி குளிர்ல அரிசி டப்பாக்குள்ள வச்சு மூடுனா தோயும். தோஞ்சதும் சாப்பிடுங்க, இல்ல ஃப்ரிட்ஜ்ல வைங்க. சாதத்தோட பெசையும்போது சோறு ஆவி பறக்க இருந்தா பாக்டீரியா செத்துரும், ஆறவிட்டு பெசையுங்க. தாளிக்கறதும் அப்பிடித்தான், கடுகு தாளிச்சு சுடச்சுட கொட்டாம கொஞ்சம் ஆற விடலாம், எங்க அம்மா இத கேட்டா என்ன வீட்ட விட்டு தொரத்திருவாங்க.

தயிர் சாப்ட்டா ஆயுசு கூடும்னு மொதல்ல உரக்க சொன்னவரு எலி மெச்னிகாஃப், பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்தாரு, 1908ல நோபல் வாங்குனவரு. நோபல் தயிருக்காக இல்ல, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக. பல்கேரியா கிராமத்துல தயிர் சாப்பிடறவங்க நெறைய நாள் வாழறாங்கன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை, அத வச்சு அவரும் தெனம் புளிச்ச பால் குடிச்சாரு, 71 வயசுல போய்ச் சேந்தாரு. அதனால ஆயுசுக்கு எல்லாம் நான் கேரண்டி தர மாட்டேன். ஆனா 2021ல ஸ்டான்ஃபோர்டுல 36 பேர ரெண்டா பிரிச்சு ஒரு குரூப்புக்கு 10 வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரி புளிச்ச சாப்பாடா குடுத்து பாத்தாங்க. அவங்க குடல்ல பாக்டீரியா வகை கூடுச்சு, ரத்தத்துல அழற்சிய காட்டுற 19 புரோட்டீன் கொறைஞ்சுச்சு. சின்ன ஆராய்ச்சி தான், ஆனா ஒழுங்கா பண்ணது. தயிர்ல போற பாக்டீரியா பெரும்பாலும் குடல்ல நெலையா தங்காது, வந்த விருந்தாளி மாதிரி ரெண்டு நாள் இருந்து நல்லது பண்ணிட்டு கெளம்பிரும், அதனால தெனம் சாப்ட்டா தான் பலன்.

இட்லில நல்ல பாக்டீரியா இருக்குன்னு நெறைய பேர் நம்புறாங்க. மாவுல இருக்கு, உண்மை தான், லூக்கோனோஸ்டாக்னு ஒண்ணு தான் கேஸ் விட்டு மாவ பொங்க வைக்குது, ஆனா இட்லி பானைல ஆவில எல்லாம் செத்துரும். புளிச்சதால செரிமானம் சுலபம், சில வைட்டமின் கூடும், அதுக்கு சாப்பிடுங்க, உயிரோட பாக்டீரியா வேணும்னா மோர் தான். எண்ணெயும் உப்பும் மெதக்குற ஊறுகாயையும் இந்த கணக்குல சேக்காதீங்க.

பழைய சோறு விஷயத்துக்கு வருவோம், இதுல ஃபார்வேர்டு காரங்க பாதி சரி. சோறு ஆறும்போது அதுல இருக்கற மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத வகையா இறுகிரும், அது நேரா பெருங்குடலுக்கு போயி அங்க இருக்கறதுங்களுக்கு தீனி ஆவும். ராத்திரி முழுக்க தண்ணில ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி லேசா புளிக்கும். தீனியும் ஆளும் ஒரே சட்டில. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரில குடல் அழற்சி நோயாளிங்களுக்கு இது உதவுதான்னு ஆராய்ச்சியே எடுத்தாங்க. ஆனா செய்யறதுல ஒரு ஜாக்கிரதை வேணும். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி அரிசிலயே விதை மாதிரி ஒளிஞ்சிருக்கும், சோறு வெந்தாலும் சாகாது, வெதுவெதுப்பா மணிக்கணக்கா மூடி வச்சா முளைச்சு விஷத்த கக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. அதனால மதியம் வடிச்ச சோத்த குக்கர்லயே மூடி வச்சு ராத்திரி பத்து மணிக்கு தண்ணி ஊத்தற வேலை வேணாம்.

நான் பண்றது இது தான். ராத்திரி சமைச்ச சோறு, புழுங்கலரிசியா இருந்தா ருசி, சாப்ட்டு முடிச்சதும் மிச்சத்த ஒரு தட்டுல பரத்தி சீக்கிரம் ஆற விட்டு, மண்சட்டில போட்டு சோறு முழுகி ரெண்டு விரக்கடை மேல நிக்கற மாதிரி காய்ச்சி ஆறுன தண்ணி ஊத்தி, துணி கட்டி வச்சிருவேன். எட்டுல இருந்து பத்து மணி நேரம். கோடைல எட்டே அதிகம். காலைல லேசா புளிச்ச வாசம் வரணும், நாத்தமோ, பிசுபிசுன்னு நூலோ, கலர் மாத்தமோ இருந்தா யோசிக்காம கொட்டிருங்க. கையால பெசைஞ்சு உப்பு, மோர், சின்ன வெங்காயம் நாலு, ஒரு பச்ச மொளகா. நீராகாரத்த வீணாக்காதீங்க. சின்ன வெங்காயம் வெறும் தொட்டுக்க மட்டும் இல்ல, அதுல இருக்கற ஃப்ரக்டான்னு நார் பாக்டீரியாவுக்கு ரொம்ப புடிச்ச பலகாரம். சுகர் இருக்கறவங்க கவனிக்கணும், பழசானாலும் அது சோறு தான், ரெண்டு கும்பா அடிச்சுட்டு என்ன கேக்கக் கூடாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. எல்லாரும் புதுசா பாக்டீரியாவ உள்ள அனுப்பறதுலயே குறியா இருக்காங்க, ஏற்கனவே உள்ள மிச்சம் இருக்கறதுக்கு சோறு போடணும்னு யாருக்கும் தோண மாட்டேங்குது. அதுங்களுக்கு சோறு நார்ச்சத்து. நாம போடலன்னா சும்மா இருக்காது, எலிய வச்சு பண்ண ஆராய்ச்சில நார் இல்லாத தீனி குடுத்தப்ப குடல் சுவர காக்கற சளிப்படலத்தையே பாக்டீரியா அரிச்சு தின்னுருச்சு. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு கொறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய் பழம்னு சொல்லுது. ஒரு கப் வெள்ளை சோத்துல 1 கிராம் கூட தேறாது. அதே ஒரு கப் கொண்டக்கடலை சுண்டல்ல 10 கிராமுக்கு மேல, 100 கிராம் கொய்யால 5 கிராமுக்கு கொறையாது. கணக்கு போட்டா எங்க வீட்டு மெனு, மூணு வேளையும் அரிசி, ரசம், அப்பளம்னு போன நாள்ல பாக்டீரியா பட்டினி தான்.

ஆனா இதப் படிச்சுட்டு நாளைக்கே ரெண்டு கப் சுண்டல் சாப்பிடாதீங்க. நான் அத தான் பண்ணேன், சாயங்காலம் மீட்டிங்ல உக்கார முடியல. பயறுல இருக்கற ராஃபினோஸ் மாதிரி சக்கரைய நம்ம குடல் ஒடைக்காது, பாக்டீரியா தான் ஒடைக்கும், அதுல கேஸ் வரும், ஆள் கொறைவா இருக்கற நேரத்துல தாங்காது. அதனால மொத வாரம் ரெண்டு ஸ்பூன் பாசிப்பருப்பும் ஒரு பொரியலும் போதும். ரெண்டாவது வாரம் அர கப் சுண்டல், ராத்திரி ஊற வச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு வேற தண்ணில வேக வச்சா கேஸ் கொறையும். மூணாவது வாரம் கேப்ப களியோ கம்பங்கூழோ ஒரு வேளை அரிசிக்கு பதிலா. வாழைத்தண்டு, வாழைக்காய், அவரைக்கா, முருங்கக்கீரை எல்லாம் இடைல இடைல. தண்ணி கூட்டிக்கணும், நார் மட்டும் ஏத்திட்டு தண்ணி குடிக்கலன்னா மலச்சிக்கல் தான் மிச்சம். ஐபிஎஸ்னு சொல்ற குடல் எரிச்சல் கோளாறு இருக்கறவங்களுக்கு வெங்காயம் பூண்டு பயறே பிரச்சனை பண்ணலாம், நீங்க டயட்டீஷியன்ட்ட கேட்டுட்டு பண்ணுங்க.

ஒரே காய வாரம் முழுக்க தின்னாமலும் பாத்துக்கோங்க. அமெரிக்கால ஆயிரக்கணக்கான பேரு மலத்த அனுப்பி சோதிச்ச ஒரு பெரிய ஆய்வு, 2018ல முடிவு வந்துச்சு, வாரத்துக்கு 30 வகைக்கு மேல தாவர உணவு சாப்பிடறவங்களுக்கு 10 வகைக்குள்ள சாப்பிடறவங்கள விட குடல்ல பாக்டீரியா வகை அதிகம். இது தொடர்பு தான், இதனால தான் அதுன்னு நிரூபிக்கல, ஆனாலும் நல்ல வழக்கம். 30ன்னதும் மலைக்காதீங்க, ஒரு அவியல்லயே ஏழெட்டு தேறிரும், சாம்பார்ல பருப்பு, காய், வெங்காயம், தக்காளி, கறிவேப்பில, மல்லி. கறிவேப்பிலைய தட்டு ஓரத்துல ஒதுக்குற ஆளுங்க அத எண்ணிக்கைல சேக்கக் கூடாது.

அந்த கேப்சூல் டப்பா? நான் வாங்கல. இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட் 2018ல ஆன்டிபயாடிக் எடுத்தவங்கள மூணா பிரிச்சு, ஒரு குரூப்ப சும்மா விட்டாங்க, ஒண்ணுக்கு 11 வகை பாக்டீரியா இருந்த கேப்சூல், ஒண்ணுக்கு அவங்கவங்க மலத்தயே முன்னாடி எடுத்து வச்சு திரும்ப உள்ள அனுப்புனாங்க. கடைசி குரூப் சில நாள்லயே பழைய நெலமைக்கு வந்துருச்சு. கேப்சூல் சாப்ட்டவங்க தான் சும்மா விட்டவங்கள விட லேட்டு, கேப்சூல் ஆளுங்க சீட்ட புடிச்சுட்டு பழைய ஆளுங்கள ஏற விடல. இதுக்காக கேப்சூலே மோசம்னு சொல்ல மாட்டேன், ஆன்டிபயாடிக்கால வர்ற பேதிய தடுக்க சில வகைக்கு ஆதாரம் இருக்கு, குறிப்பா சாக்கரோமைசஸ் பௌலார்டினு ஒரு ஈஸ்ட், அது ஈஸ்டுங்கறதால ஆன்டிபயாடிக் அத கொல்லாது. டாக்டர் எழுதிக் குடுத்தா சாப்பிடுங்க. விளம்பரம் பாத்து மாசக்கணக்கா வாங்கறது தான் வேணாம்கறேன், அந்த காசுக்கு ஒரு மாச கொய்யா வரும். எதிர்ப்பு சக்தி ரொம்ப கொறைஞ்சவங்களுக்கும் குறைமாசத்துல பொறந்த கொழந்தைக்கும் இந்த உயிருள்ள கேப்சூல் ஆபத்தாவே முடியலாம்.

மனசு சரியில்லாததுக்கும் குடல் தான் காரணம்னு வீடியோ நெறைய சுத்துது. மனநிலையோட சம்பந்தப்பட்ட செரட்டோனின்ங்கற ரசாயனம் ஒடம்புல இருக்கறதுல 90 சதவீதத்துக்கு மேல குடல்ல தான் உண்டாகுது, அது நெஜம், ஆனா அது ரத்தம் வழியா நேரா மூளைக்குள்ள போகாது. ரெண்டுக்கும் நரம்பு வழியா பேச்சுவார்த்தை இருக்கு, ஆராய்ச்சி நடக்குது. டிப்ரஷன் மாத்திரைய நிறுத்திட்டு தயிர் சாப்பிடுன்னு எவனாவது சொன்னா பிளாக் பண்ணிருங்க.

கடைசியா, அடுத்த தடவ. போன மாசம் சளி காய்ச்சல்னு மருந்துக்கடைக்கு போனேன், நான் கேக்காமலே அவரு அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் மூணு மாத்திரை ஸ்ட்ரிப்ப எடுத்து மேல வச்சாரு. சளி பெரும்பாலும் வைரஸ், அதுக்கு அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது, குடல்ல இருக்கறதுங்கள தான் காலி பண்ணும். பாராசிட்டமால் மட்டும் போதும்ணேன்னு வாங்கிட்டு வந்தேன், ஆறாவது நாள் சளி போயிருச்சு. பீரோல கெடந்த பழைய மிச்ச மாத்திரையையும் அன்னைக்கே தூக்கி எறிஞ்சாச்சு. சட்டில சோறு ஊறிட்டு இருக்கு, சின்ன வெங்காயம் தான் உரிக்கணும்.